குழந்தைக்குக் காந்தத்தைப் பற்றி எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

விளக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். காந்தத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஆணி, செம்புக் கம்பி, அலுமினியத் தாள், எவர்சில்வர் கரண்டி எல்லாவற்றையும் பரப்பி வையுங்கள். எது ஒட்டும் என்று முதலில் ஊகிக்கட்டும், அப்புறம் சோதிக்கட்டும். உலோகம் என்றாலே ஒட்டும் என்றுதான் பல பிள்ளைகள் நினைப்பார்கள். செம்பு அசையாமல் கிடக்கும்போது கேள்வி தானாக வரும். எவர்சில்வரில் சில ஒட்டும், நிக்கல் அதிகம் கலந்தவை பொதுவாக ஒட்டாது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. தையல் ஊசியைக் காந்தத்தின் ஒரே முனையால், ஒரே திசையில் 30 தடவை தேய்த்து, தக்கைத் துண்டில் வைத்துத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். மெல்லத் திரும்பி வடக்கு தெற்காக நிற்கும். திருப்பி விட்டாலும் மறுபடி அங்கேதான் வரும். பூமியும் ஒரு காந்தம் என்பதை அப்போது சொல்லுங்கள், நன்றாகப் பதியும்.

நியோடிமியம் என்ற உலோகம் கலந்த, மிக வலுவான குட்டிக் காந்தங்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டை விழுங்கிவிட்டால் ஒன்றையொன்று இழுத்துக் குடலில் ஓட்டை போட்டுவிடும்.