திருப்பிப் போட்டால் மாறிப்போகும்

கேள்வி: "ஆத்தங்குடித் தரைக்கல் என்றால் கண்ணாடி மேல் கையால் வார்த்ததாக இருக்கும்" என்றார் கொத்தனார். கண்ணாடியில் வார்த்த கல்லைப் பார்த்ததும் ஆத்தங்குடிதான் என்று வாங்கிவிட்டேன். தப்பா?
– வாசகி, காரைக்குடி

பதில்: கல் எப்படியோ, கணக்கு தப்பு, ஆச்சி. அவர் சொன்னதைத் திருப்பிப் போட்டுவிட்டீர்கள், அதற்கு மறுதலை என்று பேர். மூலக் கூற்று உண்மை என்பதற்காக மறுதலையும் உண்மையாகிவிடாது, கண்ணாடித் தட்டில் வண்ணச் சிமென்டுக் குழம்பை ஊற்றி வார்க்க வெளியூர்க்காரருக்கும் கை இருக்கிறதே. 'ஆத்தங்குடி இல்லையென்றால் கண்ணாடியில் வார்த்ததில்லை' என்பதிலும் அதே ஓட்டைதான். சரி, திருப்பியும் போட்டு, இரண்டு பக்கமும் 'இல்லை' சேர்த்துப் பாருங்கள்: கண்ணாடியில் வார்க்கவில்லையென்றால் ஆத்தங்குடி இல்லை. இது மட்டும், மூலக் கூற்று நின்றால் நிற்கும், விழுந்தால் விழும். புதுக் கல்லின் முகத்தைத் தடவுங்கள். கண்ணாடி வழவழப்பு இருந்தாலும், எந்த ஊர்ப் பட்டறை என்று கடையில் கேட்கத்தான் வேண்டும்.