மில் நிர்வாகம் லெட்டர் குடுத்தாச்சு, அப்புறமும் எத்திக்ஸ் கமிட்டி எதுக்கு?

கேள்வி: சோஷியல் வொர்க்ல பி.எச்.டி. பண்றேன். திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில் ஹாஸ்டல்ல தங்கி வேலை பாக்குற பொண்ணுங்களோட மன அழுத்தம்தான் டாபிக். ரத்தம் எடுக்கல, மருந்து குடுக்கல, வெறும் கேள்வித்தாள்தான். மில் எச்.ஆர். அனுமதிக் கடிதமும் குடுத்துட்டாரு. எத்திக்ஸ் கிளியரன்ஸ்லாம் மெடிக்கல் காலேஜுக்குத்தான்னு கைடு சொன்னதால 60 பேர்கிட்ட டேட்டா எடுத்துட்டேன். இப்ப ஜர்னல்ல அப்ரூவல் நம்பர் கேக்குறாங்க. இனிமே வாங்க முடியுமா?

பதில்: எடுத்து முடிச்ச 60 பேருக்கு வாங்க முடியாதுங்க. கலந்துக்குறவங்களுக்கு பாதிப்பு வருமான்னு ஆய்வு தொடங்குறதுக்கு முன்னாடி பாத்து அனுமதிக்கிறதுதான் எத்திக்ஸ் கமிட்டியோட வேலை, முடிஞ்சதுக்குப் பின்தேதி போட்டு யாராவது லெட்டர் தர்றேன்னு சொன்னா தயவுசெஞ்சு வாங்காதீங்க, நாளைக்கு அது வெளிய வந்தா பேப்பரும் போகும் பட்டமும் போகும். இனி எடுக்கப்போற டேட்டாவுக்கு இப்பவே அப்ளை பண்ணுங்க. அதுல இந்த 60 பேர் விஷயத்தையும் மறைக்காம எழுதுங்க. அத என்ன செய்யணும்னு கமிட்டி சொல்லும், பெரும்பாலும் தீசிஸ்ல சேர்க்கக்கூடாதுன்னுதான் சொல்வாங்க, அதுக்கு மனச தயார் பண்ணிக்கோங்க.

மெடிக்கல் காலேஜுக்கு மட்டும்தான்ங்கிறது நிறைய டிபார்ட்மென்ட்ல இன்னும் ஓடுற தப்பான நம்பிக்கை. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017ல வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்கள்ல உடல்நலம் சம்பந்தமான சமூக, நடத்தை ஆய்வுகளும் சேர்த்திதான், மன அழுத்தம் உடல்நலம் இல்லாம வேற என்ன? உங்க காலேஜ்ல கமிட்டி இல்லைன்னா பக்கத்துல இருக்குற இன்னொரு நிறுவனத்தோட கமிட்டிய ஒப்பந்தம் போட்டு பயன்படுத்திக்க வழி இருக்கு. ஆனா அந்தக் கமிட்டி மத்திய அரசோட சுகாதார ஆய்வுத் துறையில பதிவு பண்ணதான்னு முதல்ல கேட்டுக்கோங்க, 2019ல வந்த புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகள்படி அது வேணும்.

சரி, நம்பர் விஷயத்த இதோட விட்டுடறேன், ஏன்னா உங்க கேள்வியில என்னைய கவலைப்பட வச்சது அந்த எச்.ஆர். லெட்டர்தான். அது மில்லுக்குள்ள கால் வைக்க உங்களுக்குக் கிடைச்ச அனுமதி, அவ்வளவுதான். அந்தப் பொண்ணு பேச சம்மதிச்சான்னு அதுல ஒரு வரிகூட இல்ல, இருக்கவும் முடியாது. அவளுக்கு வேலை, சாப்பாடு, படுக்கை, வெளிய போற அனுமதி எல்லாமே ஒரே நிர்வாகத்தோட கையில, மூணு வருஷம் முடிஞ்சா மொத்தமா ஒரு தொகை தர்றோம்னு சொல்லி சேர்த்திருந்தா அந்தக் காசும் அவங்க கையிலதான், அப்படி இருக்குறவகிட்ட வார்டன் வந்து "மேடம் வந்திருக்காங்க, கேக்குறதுக்கு பதில் சொல்லு"ன்னா அவ எப்படி மாட்டேன்னு சொல்லுவா?

இது சும்மா கற்பனையா சொல்லல. 2009ல ஆந்திராவோட கம்மம் மாவட்டத்துலயும் (இப்ப தெலங்கானா) குஜராத்தோட வடோதராவுலயும் 10ல இருந்து 14 வயசு சிறுமிகளுக்கு எச்.பி.வி. (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்) தடுப்பூசி போட்டு ஒரு ஆய்வு நடந்துச்சு. கம்மத்துல நிறைய பேர் பழங்குடிப் பிள்ளைங்க, அரசு விடுதியில தங்கிப் படிச்சவங்க. பெத்தவங்க போட வேண்டிய சம்மதக் கையெழுத்த பல இடத்துல விடுதி வார்டனும் ஹெட்மாஸ்டரும் போட்டிருந்தாங்க. 2010 ஏப்ரல்ல ஆய்வ நிறுத்தினாங்க, 2013ல நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையா ஒரு அறிக்கை குடுத்துச்சு. நடுவுல சில சிறுமிகள் இறந்தாங்க, அதுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லைன்னுதான் விசாரணைக் குழு சொன்னுச்சு, தடுப்பூசி நல்லதுதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா ஹாஸ்டல்ல இருக்குற பிள்ளைக்காக வார்டன் சம்மதிக்கலாம்னு அத்தனை படிச்சவங்க நினைச்சாங்களே, அதே நினைப்புதான் உங்க எச்.ஆர். லெட்டர்லயும் இருக்கு.

அதனால அப்ளிகேஷன்ல முதல்ல யோசிக்க வேண்டியது எங்க வச்சுப் பேசப்போறீங்கங்கிறதுதான். சூப்பர்வைசர் நடமாடுற இடம் வேண்டாம், ஹாஸ்டல் ஹாலும் வேண்டாம், வார வெளி அனுமதி நாள்ல வெளிய பேச முடியுமான்னு பாருங்க. ஆள் தேர்வு பண்ற வேலைய வார்டன்கிட்ட விடாதீங்க. யார் பேசினா யார் மறுத்தாங்கன்னு மில்லுக்குத் தெரியவே கூடாது. கையெழுத்துப் போட்ட தாள் கையில இருக்குறதே அவளுக்கு ஆபத்துன்னு தோணுச்சுன்னா, காரணத்த எழுதி வாய்மொழி சம்மதத்துக்கு அனுமதி கேக்கலாம், கமிட்டி பரிசீலிக்கும். தகவல் தாள் அவ பேசுற தமிழ்ல இருக்கணும், ஒடிசாப் பொண்ணுங்க இருந்தா ஒடியாவுல. படிச்சுக் காட்டிட்டு "நான் என்ன சொன்னேன், உங்க வார்த்தையில சொல்லுங்க"ன்னு கேளுங்க, புரிஞ்சுதா இல்லையான்னு அப்பவே தெரிஞ்சிரும்.

வயசு விஷயம் இன்னும் சிக்கல். 18 வயசுக்குக் கீழ இருந்தா பெத்தவங்க சம்மதமும் வேணும், அந்தப் பிள்ளையோட ஒப்புதலும் வேணும், அப்பா அம்மா ராமநாதபுரத்துலயோ ஒடிசாவுலயோ இருப்பாங்க. மில் ரிஜிஸ்டர்ல இருக்குற வயச மட்டும் நம்பாதீங்க. 18க்கு மேல மட்டும்னு வச்சுக்கிட்டா வேலை சுலபம்தான், ஆனா அதிகமா கஷ்டப்படுறவங்க கணக்குல வராமப் போயிடுவாங்க, இத கைடோட உக்காந்து பேசி முடிவெடுங்க. அப்புறம், "நீ சொல்றத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு மொத்தமா வாக்கு குடுத்துடாதீங்க. சின்னப் பிள்ளை ஒருத்தி பாலியல் தொல்லை பத்திச் சொன்னா போக்சோ சட்டப்படி நீங்க புகார் சொல்லியே ஆகணும், இந்த எல்லைய பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அவகிட்ட சொல்லணும்.

கேள்வித்தாள் எதுன்னு நீங்க எழுதல, மனச்சோர்வ அளக்குற பி.எச்.க்யூ.-9 கேள்வித்தாளா இருந்தா அதுல 9வது கேள்வி சாகணும்னு தோணுதான்னு கேக்கும். ஒருத்தி ஆமான்னு சொல்லிட்டா அன்னைக்கு சாயங்காலம் நீங்க என்ன செய்வீங்க? மார்க் போட்டுட்டு அடுத்த ஆளக் கூப்பிடுவீங்களா? 14416 (டெலி-மானஸ் மனநல உதவி), 104 (சுகாதார உதவி) நம்பரெல்லாம் குடுக்கலாம், ஆனா ஹாஸ்டல்ல போன் வச்சுக்க விடறாங்களான்னு பாருங்க, மாவட்ட மனநலத் திட்டத்துல ஒரு ஆலோசகர்கிட்ட முன்கூட்டியே பேசி வச்சு அத அப்ளிகேஷன்லயே எழுதுங்க. ஏற்கனவே எடுத்த 60 பேர்ல யாராவது அப்படிச் சொல்லியிருந்தா கமிட்டி கூடுற வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னைக்கே கைடுகிட்ட சொல்லி, மில் மூலமாப் போகாம அவள நேரா ஆலோசகர்கிட்ட சேர்க்க வழி பாருங்க.

சீக்கிரம் முடியும்னு சுருக்கப் பரிசீலனைக்கு (முழு கமிட்டியும் கூடாம ஒரு சிலர் மட்டும் பாக்குறது) போடாதீங்க, முதலாளிக்குக் கீழ இருக்குற தொழிலாளிங்க எளிதில் பாதிக்கப்படக்கூடியவங்க பட்டியல்ல வர்றதால முழு கமிட்டிக்குத்தான் போகும். 7ல இருந்து 15 பேர் இருப்பாங்க, பாதிப் பேராவது வெளியாள், சட்டம் தெரிஞ்சவரும் ஆய்வுத் துறைக்குச் சம்பந்தமில்லாத சாதாரண ஆள் ஒருத்தரும் இருக்கணும். அந்தச் சாதாரண ஆள் கேக்குற கேள்விக்கு நல்லா தயாராப் போங்க, தகவல் தாள்ல பாதி வரி புரியலன்னு நேரா சொல்றது பெரும்பாலும் அவராத்தான் இருப்பாரு.

கடைசியா ஒண்ணு, லெட்டர் குடுத்த எச்.ஆர். ரிசல்ட்ட எங்களுக்கும் குடுங்கன்னு கண்டிப்பா கேப்பாரு. மொத்தக் கணக்கு மட்டும்தான் தருவோம், ஷிப்ட் வாரியா செக்ஷன் வாரியா பிரிச்சுத் தரமாட்டோம்னு சொல்லி, அதுக்கு அவர் சம்மதத்த இப்பவே எழுத்துல வாங்கிடுங்க, நாலு பேர் வேலை பாக்குற செக்ஷன்ல மூணு பேருக்கு மன அழுத்தம்னு எழுதினா பேரே போட்ட மாதிரிதான். அந்தக் கடிதத்தோட நகலையும் அப்ளிகேஷனோட சேர்த்து அனுப்புங்க.