நடுநிலையாளரின் ஜூன் மாதம்

அன்புள்ள ஐயா,

நான் நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் வசிக்கிறேன். 2016-இல் குடியுரிமை பெற்றபோது வாக்காளர் பதிவுப் படிவத்தில் ‘எந்தக் கட்சியிலும் சேர விரும்பவில்லை’ என்ற கட்டத்தைக் குறித்தேன். கட்சிச் சீட்டைச் சுமக்கலாகாது என்று நீங்கள் எழுதியதும் அதற்கு ஒரு காரணம். 2018 ஜூனில் எங்கள் தொகுதியின் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில், அதாவது கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில், அப்போதைய உறுப்பினர் ஜோ கிரவுலிக்கு வாக்களிக்கப் போனேன். கட்சியில் பதியாதவருக்கு வாக்கு இல்லை என்றார்கள். கட்சியில் பதிந்திருந்த என் மனைவி வாக்களித்துவிட்டு வந்து இன்றுவரை என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தத் தேர்தலில் எந்தத் தொண்டரும் எங்கள் வீட்டுக்கு வந்து என்னிடம் பேசவில்லை. மனைவியிடம் மட்டும் பேசினார்கள். நவம்பர் வாக்குச்சீட்டில் கிரவுலியின் பெயர் மறுபடியும் இருந்தது. மகிழ்ச்சியோடு அவருக்கே போட்டேன். மீண்டும் ஒரு பிரைமரி வருகிறது. கட்சியில் பெயர் கொடுத்தால் நடுநிலை கெடாதா? அந்தப் பிரைமரியில் கிரவுலியை எதிர்த்து நின்ற அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் வென்றது ஸ்பானிய மொழியினரின் எண்ணிக்கையால்தானா? இந்தப் பிரைமரி முறை தமிழகத்துக்கு என்றாவது வருமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சிரிப்பதில் நியாயம் இருக்கிறது; அவரைக் கண்டிக்க என்னைத் துணைக்கு அழைக்காதீர்கள். நான் எழுதியது, நாளை யாரையும் பாராட்டவும் யாரையும் இடித்துரைக்கவும் தன் பேனாவைக் கட்டின்றி வைத்துக்கொள்ள வேண்டிய எழுத்தாளனைப் பற்றி. ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு அதைத் தன் வாழ்க்கை நெறியாக ஆக்கிக்கொள்வதும், அதனால் வந்த நட்டத்துக்கு எழுதியவனிடமே கணக்குக் கேட்பதும் நம் வாசகர்களின் பழைய வியாதி.

ஸ்பானிய மொழியினர் கேள்வியை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன்: உங்கள் தொகுதியின் அஸ்டோரியா போன்ற, இளம் வயதினர் புதிதாக வந்து குடியேறிய பகுதிகளிலும் ஒகாசியோ-கோர்டெஸ் வாக்குகளை அள்ளியிருக்கிறார், இனக் கணக்கைப் போட்டுவிட்டால் சிந்திக்கும் வேலை மிச்சம் என்பது நமக்கு ஊரிலிருந்தே வந்த பழக்கம்.

நடுநிலைக்கு வருகிறேன். கிழக்குப் பிராங்ஸும் வடக்குக் குவீன்ஸின் ஒரு பகுதியும் சேர்ந்த உங்கள் பதினான்காவது தொகுதியில் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் வசிக்கிறார்கள். அங்கே நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் சின்னத்தில் யார் நின்றாலும் வெல்வார் என்பது குடியரசுக் கட்சிக்காரருக்கே தெரியும். ஆகவே அங்கே உண்மையான தேர்தல் ஒன்றே ஒன்று. அது ஜூனில் நடப்பது. 2018 ஜூன் 26 அன்று ஒகாசியோ-கோர்டெஸுக்கு 16,898 வாக்குகளும் கிரவுலிக்கு 12,880 வாக்குகளும் கிடைத்தன. முப்பதாயிரம் பேர்கூட வரவில்லை. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் தம் கட்சியின் நான்காம் நிலைத் தலைவராக இருந்த, 1999 முதல் உறுப்பினராக இருந்த, மூன்று மில்லியன் டாலருக்கு மேல் செலவழித்த ஒருவரை, மதுக்கூடத்தில் வேலை பார்த்துவந்த 28 வயதுப் பெண் ஏறத்தாழ நான்காயிரம் வாக்குகளில் வீட்டுக்கு அனுப்பினார். நான்காயிரம் என்பது உங்கள் பகுதியின் சில அடுக்குமாடி வரிசைகளில் அடங்கிவிடும் கூட்டம். அந்த வரிசைகளில் ஒன்றில்தான் நீங்கள் நடுநிலையோடு அமர்ந்திருந்தீர்கள்.

உங்கள் வீட்டுக்கு வந்த தொண்டர்கள் உங்களிடம் பேசாததற்கும் காரணம் நீங்கள் கட்சியில் பதியாததே. நடந்து நடந்து அடியில் ஓட்டை விழுந்த தம் காலணியை அந்தப் பெண் படமெடுத்து வெளியிட்டிருந்தது உங்கள் நினைவில் இருக்கும். அப்படி நடந்தவர்களின் கையில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் கட்சியில் பதிந்தவர்களின் பெயர்கள் மட்டுமே இருக்கும். வேட்பாளராக நிற்பதற்கு வேண்டிய 1,250 கையெழுத்துகளையும் அந்தத் தொகுதியில் கட்சியில் பதிந்தவர்களே போட வேண்டும். அந்தப் பெண்ணே உங்கள் கதவைத் தட்டிப் பேனாவை நீட்டியிருந்தாலும் உங்கள் கையெழுத்து செல்லாது. ‘எந்தக் கட்சியிலும் சேர விரும்பவில்லை’ என்று குறித்ததை நீங்கள் ஒரு தவமாக நினைக்கிறீர்கள். அவர்களுடைய கணக்கில் அது ஊரில் இல்லாத மனிதருக்கு இடும் குறி.

இதையே இன்னும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் படித்த தமிழர்கள் பலர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். நியூயார்க்கில் கட்சியில் பதிவதற்குச் சந்தா இல்லை, உறுதிமொழி இல்லை, கரை வேட்டி இல்லை, தலைவர் படத்துக்கு மாலை போடும் கடமை இல்லை. ஜூனில் ஒரு கட்சியின் பிரைமரியிலும் நவம்பரில் வேறொரு கட்சிக்கும் வாக்களித்தால் யாரும் கேட்கப்போவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பதிவேட்டை வைத்திருப்பது அரசின் தேர்தல் வாரியம். குவீன்ஸ் ஜனநாயகக் கட்சியின் தலைவராக இருந்தவர் வேறு யாருமில்லை, கிரவுலியேதான். அப்படியிருந்தும் தம் கட்சியின் பட்டியலில் இருந்த சாதாரண மனிதர்கள் தம்மைத் தோற்கடிப்பதை அவரால் தடுக்க முடியவில்லை. இத்தனைக்கும் அவர் முதன்முதலில் வந்த வழி வேறு. 1998-இல், மறுபடியும் நிற்பதாக மனுக் கொடுத்திருந்த அப்போதைய உறுப்பினர் தாமஸ் மேன்டன் கடைசி நேரத்தில் விலகிக்கொள்ள, கட்சிக் குழுவினர் கூடிக் கிரவுலியின் பெயரை நிரப்பினார்கள். வாக்காளரைக் கேட்காமல் வந்த இடத்தை வாக்காளர்கள் இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்று நான் அதைப் படிக்கிறேன்.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத வைத்தது ஒரு துண்டுக் காகிதம். அண்மையில் மறைந்த என் தாய்மாமாவின் தகரப் பெட்டியை ஒழித்தபோது, அவர் தம் கட்சியில் சட்டமன்றத் தொகுதிக்கு விருப்ப மனுக் கொடுத்துக் கட்டிய பணத்தின் ரசீது கிடைத்தது. மடிப்புகளில் கிழிந்து, முத்திரையின் ஊதா மை மட்டும் மங்காமல் இருந்தது. அவர் வாலிபத்திலிருந்தே அந்தக் கட்சிக்குச் சுவர் எழுதியவர், சிறை போனவர், பிறகு ஒன்றியச் செயலாளர். நேர்காணலுக்கு நானும் துணையாகப் போனேன். தொகுதிக்காரர்களை மொத்தமாக ஓர் அறைக்குள் அனுப்பி, தேநீர் ஆறுவதற்குள் வெளியே அனுப்பிவிட்டார்கள். எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பதே அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. அறிவிக்கப்பட்டவர் சில வாரங்களுக்கு முன் வேறு கட்சியிலிருந்து வந்தவர். மாமா மறுநாளே அவருக்காகத் தெருத் தெருவாக வாக்குக் கேட்டார். கோபித்துக்கொள்ளவும் முறையிடவும் அவருக்கு ஓர் இடம் இருக்கவில்லை. உறுப்பினர் அட்டையைக் கொடுப்பதும் கிழிப்பதும் தலைமையின் கையில் இருக்கும்வரை பிரைமரி என்ற பேச்சு தமிழகத்தில் வெறும் பேச்சுத்தான். உங்கள் மூன்றாவது கேள்விக்கு இவ்வளவு போதும். மாமாவுக்குக் கிடைக்காத வாக்கு உங்களுக்குச் சும்மா கிடைத்தது. அதை நீங்கள் ஒரு கட்டத்தைக் குறித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லையே என்பீர்கள். உண்மைதான். வர்ஜீனியாவில் கட்சிப் பதிவே கிடையாது. யாரும் போய் வாக்களிக்கலாம். அங்கே 2014-இல் சபையின் பெரும்பான்மைத் தலைவராக இருந்த குடியரசுக் கட்சியின் எரிக் கேண்டரை, கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த டேவ் பிராட் பிரைமரியில் வீழ்த்தினார். கதவு திறந்திருந்த அந்தத் தேர்தலிலும் வந்தவர்கள் 65,000 பேர்தான். வாஷிங்டன் மாநிலத்தில் எல்லாக் கட்சியினரையும் ஒரே சீட்டில் போட்டு முதல் இருவரை நவம்பருக்கு அனுப்புகிறார்கள். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2016-இல் அப்படித்தான் தம் கட்சிக்காரர் ஒருவரையே இறுதியில் எதிர்கொண்டு வென்றார். அந்த முறை உங்கள் மனநிலைக்கு ஏற்றது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் வசிப்பது அந்த மாநிலத்தின் சியாட்டிலில் இல்லையே. நியூயார்க்கில் ஏற்கெனவே வாக்காளராகப் பதிந்தவர் கட்சி மாறுவதற்கும் சேர்வதற்கும் 2018-இல் முந்தைய ஆண்டு அக்டோபரே கெடுவாக இருந்தது. பிறகு அதைத் தளர்த்தினார்கள். என்றாலும் வாக்குப்பதிவு நாளில் போய்க் கட்சியின் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்கும் வசதி நியூயார்க்கில் இன்றும் இல்லை. படிவம் எங்கே கிடைக்கும் என்று உங்கள் மனைவியைக் கேளுங்கள். சிரித்துக்கொண்டேயாவது எடுத்துத் தருவார்.

நவம்பரில் நீங்கள் மகிழ்ச்சியோடு போட்ட வாக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உழைக்கும் குடும்பங்கள் கட்சி என்ற சிறு கட்சி கிரவுலியை முன்கூட்டியே தன் வேட்பாளராக அறிவித்திருந்தது. அவர் பிரைமரியில் தோற்ற பிறகு அந்தப் பெயரைச் சீட்டிலிருந்து எடுக்க மாநிலச் சட்டத்தில் எளிய வழி இல்லாமல் போயிற்று. தோற்ற அன்றிரவே அவர் வென்றவருக்கு அர்ப்பணித்துக் கிட்டார் வாசித்துப் பாடிவிட்டு ஒதுங்கிவிட்டார். பிரசாரம் எதுவும் செய்யவில்லை. ஒகாசியோ-கோர்டெஸ் 1,10,000 வாக்குகளுக்கு மேல் பெற்ற அந்தத் தேர்தலில், தாமே விரும்பி நிற்காத ஒருவருக்கு வாக்களித்தவர்கள் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் எத்தனை பேர் உங்களைப் போன்ற நடுநிலையாளர்கள் என்று அறிய எனக்கும் ஆசைதான்.

அன்புடன்.