கல்லில் சுடும் உருளைக்கிழங்கு கட்லெட் ஏன் உடைகிறது?

கேள்வி: எண்ணெயில் முழுக்கிப் பொரிக்காமல் தோசைக்கல்லிலேயே கட்லெட் சுட்டு எடுக்க விரும்புகிறேன். தட்டும்போது நன்றாகத்தான் இருக்கிறது. கல்லில் போட்டுத் திருப்பினால் பாதி கல்லோடு ஒட்டிக்கொள்கிறது, மீதி உடைகிறது. மைதா கூடுதலாகச் சேர்த்தால் உடையவில்லை, ஆனால் உள்ளே கொழகொழவென்று பச்சை மாவு வாசனை வருகிறது. சரியான அளவும் முறையும் சொல்லுங்கள்.

பதில்: மைதாவை முதலில் ஒதுக்கி வையுங்கள். உங்கள் கட்லெட் உடைவதற்குக் காரணம் மாவு போதாதது அல்ல, கிழங்கில் தண்ணீர் அதிகமாக இருப்பது. சூடான கல்லில் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியே வரும்போது கலவையைத் தளர்த்திவிடுகிறது, அடிப்பக்கம் மொறுமொறுப்பாக இறுகவும் விடுவதில்லை. மைதா அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் கட்லெட்டின் நடுப்பகுதி கல்லில் இருக்கும் சில நிமிடங்களில் மாவு வேகும் அளவுக்குச் சூடேறாது. பச்சை வாசனை அதனால்தான்.

ஆகவே வேலை கிழங்கை வேகவைக்கும்போதே தொடங்குகிறது. தோல் சீவி, துண்டு போட்டு வேகவைத்தால் வெட்டிய பக்கமெல்லாம் தண்ணீர் ஏறும். தோலோடு முழுசாக வேகவையுங்கள். குக்கரில் வைப்பதானால் கிழங்கு தண்ணீரில் மூழ்க வேண்டாம். அடியில் தண்ணீர் ஊற்றி, மேலே தட்டில் வைத்து ஆவியில் வேகவிடுவது நல்லது. நடுவில் கத்தி தடையில்லாமல் இறங்கினால் போதும், தோல் வெடிக்கும்வரை விடாதீர்கள். வெந்தால் மாவாக உதிரும் முற்றிய கிழங்கே இதற்கு ஏற்றது. புதுக்கிழங்கில் ஈரம் அதிகம்.

வெந்ததும் சூட்டோடு தோல் உரித்து, இரண்டாகப் பிளந்து, அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள். மூடக்கூடாது. ஆவி பறந்து அடங்க அடங்க, வெட்டிய பக்கத்தின் ஈரப் பளபளப்பு போய், சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து வறண்டு தெரியும். அந்த நிறம் வரும்வரை காத்திருங்கள். பிறகு ஃப்ரிட்ஜில் குறைந்தது 2 மணி நேரம் வையுங்கள்; முந்தின இரவே வைத்துவிட்டால் இன்னும் நல்லது. வேகும்போது தண்ணீர் குடித்து உப்பிய மாவுச்சத்து குளிரில் மறுபடி இறுகும். சுடச்சுடப் பிசைந்த கிழங்கு பசைபோல் ஒட்டும். ஆறி இறுகிய கிழங்கு உருண்டை பிடித்தால் நிற்கும். இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் பெரும்பாலும் மைதாவைத் தேடிப் போகிறார்கள். ஒன்று மட்டும் கவனம்: ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்வது வெந்த கிழங்கை. பச்சைக் கிழங்கை அங்கே நாள்கணக்கில் வைத்தால் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறி, கட்லெட் இனிக்கும், சீக்கிரம் கருகும்.

குளிர்ந்த கிழங்கைக் கேரட் துருவியின் பெரிய கண்ணில் துருவுங்கள். மிக்ஸியில் போடவே கூடாது. செல்கள் உடைந்து மாவுச்சத்து வெளியே வந்து, கலவை கோந்தாகிவிடும். கையால் அழுத்திப் பிசைந்தாலும் அதே கதைதான்.

அளவு இது. உரித்த வெந்த கிழங்கு 500 கிராம், சோளமாவு (கார்ன்ஃப்ளார்) 2 மேசைக்கரண்டி, பிரெட் தூள் 3 மேசைக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி. சோளமாவு இல்லாவிட்டால் அதே அளவு அரிசி மாவு போடலாம். மிளகாய், மசாலா, கொத்தமல்லி உங்கள் விருப்பம். வெங்காயம் போடுவதானால் பொடியாக நறுக்கி வதக்கி, ஆறவிட்டுச் சேருங்கள். பச்சை வெங்காயம் உப்புப் பட்டதும் தண்ணீர் விடும். தட்டி வைத்த கட்லெட் பத்து நிமிடத்தில் தொளதொளவென்று ஆவது அதனால்தான். பட்டாணி, கேரட் வெந்தபின் நன்றாக வடிந்து துணியில் ஒற்றப்பட்டிருக்க வேண்டும். காய்கறி எல்லாம் சேர்ந்து 100 கிராமைத் தாண்ட வேண்டாம். எல்லாவற்றையும் விரல்நுனியால் கிளறிச் சேர்த்தால் போதும்.

எலுமிச்சை அளவு எடுத்து உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். கையில் ஒட்டினால் இன்னும் ஒரு மேசைக்கரண்டி பிரெட் தூள் சேர்த்து 5 நிமிடம் பொறுங்கள். தூள் மெதுவாகத்தான் ஈரம் இழுக்கும். உடனே மேலும் மேலும் கொட்டினால் கட்லெட் வறட்டியாகும். ஓரம் ஆழமாக வெடித்தால் கையை நனைத்துக்கொண்டு தட்டுங்கள்.

ஒன்று 65 முதல் 70 கிராம், கனம் ஒன்றரை சென்டிமீட்டர். இந்த அளவுக்கு 8, 9 வரும். ஓரத்தை விரலால் சுற்றிலும் வழித்து மூடிவிடுங்கள், உடைசல் அந்த வெடிப்பிலிருந்துதான் கிளம்பும். தட்டியதை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, கல்லில் போடும் முன் இருபுறமும் ரவையிலோ பிரெட் தூளிலோ லேசாக ஒற்றி எடுங்கள்.

கல்லை மிதமான தீயில் 3, 4 நிமிடம் காயவிட்டு 2 மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றுங்கள். கலவையில் ஒரு துளி எடுத்து எண்ணெயில் போட்டால் உடனே சுற்றிலும் நுரைத்துச் சடசடக்க வேண்டும். எண்ணெய் காயாமல் போட்டால் கட்லெட் ஒட்டும், எண்ணெயும் குடிக்கும். ஒரு தடவைக்கு நாலு, நடுவில் இரண்டு விரல் இடைவெளி. நெருக்கிப் போட்டால் கல் குளிர்ந்துவிடும், ஆவியும் நடுவில் தேங்கும்.

போட்டபின் 4 நிமிடம் தொடாதீர்கள். திருப்பியை உள்ளே விட்டுப் பார்க்கும் ஆசைதான் பாதிக் கட்லெட்டை உடைக்கிறது. அடியோரத்தில் பொன்னிறக் கோடு ஒன்று தெரியும். அது கொஞ்சம் மேலே ஏறியதும் கல்லை லேசாக ஆட்டினால் கட்லெட் தானாக வழுக்கி நகரும். அப்போது திருப்புங்கள், ஒரே ஒரு முறை. நகராவிட்டால் அடி இன்னும் இறுகவில்லை. இன்னொரு நிமிடம் விடுங்கள். மறுபக்கத்துக்கு ஓரமாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு 3 நிமிடம். மூடி போட வேண்டாம்.

எடுத்ததைக் கம்பித்தட்டில் வையுங்கள். காகிதத்தில் அடுக்கினால் அடிப்பக்கம் தன் ஆவியிலேயே ஊறும். அடுத்த சுற்றுக்கு முன் கல்லில் உதிர்ந்த தூளைத் துடைத்துவிடுங்கள். கருகிய தூள்மேல் வைக்கும் கட்லெட் ஒட்டும், கசக்கும்.

மீதியைச் சுடாமலே சேமிக்கலாம். தட்டில் இடைவெளிவிட்டு ஃப்ரீசரில் வைத்து, கல்லாக உறைந்தபின் டப்பாவில் போடுங்கள். சுடும்போது உறைபனி இளக விடாமல் நேரே கல்லில் வைத்து, தீயைக் குறைத்துப் பக்கத்துக்கு 6, 7 நிமிடம் விடுங்கள்.