என்டி-ப்ரோபிஎன்பி நார்மல் என்றால் ஸ்கிளிரோடெர்மா நோயாளிக்கு நுரையீரல் தமனி உயர் அழுத்தம் இல்லை என்று அர்த்தமா?

உங்கள் அம்மாவுக்கு எட்டு ஆண்டுகளாக ஸ்கிளிரோடெர்மா (தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய்), இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ரத்தப் பரிசோதனையில் என்டி-ப்ரோபிஎன்பி 110 வந்திருக்கிறது, ரிப்போர்ட்டில் நார்மல் என்று போட்டிருக்கிறார்கள், இனி எக்கோவுக்கும் மற்றவற்றுக்கும் அலைய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். நான் மருத்துவன் அல்லன். மருத்துவ ஆய்வகத்தின் உயிர்வேதியியல் பிரிவில் வேலை செய்பவன். அந்த எண் எப்படி வருகிறது என்பதைத் தினமும் பார்ப்பதால் சொல்கிறேன்.

இதயத்தின் கீழறைச் சுவர் இழுபடும்போது அதன் தசை வெளிவிடும் பொருள்தான் என்டி-ப்ரோபிஎன்பி. நாம் தேடும் உயர் அழுத்த நோய் இருப்பதோ நுரையீரலின் சிறு தமனிகளில். குழாயில் அடைப்பு இருப்பதை மோட்டாரின் சூட்டை வைத்து ஊகிக்கிற கதைதான். தமனிகள் குறுகத் தொடங்கிய பிறகும் வலது இதயம் நெடுநாள் சமாளிக்கும். அதுவரை எண் சாதுவாகவே இருக்கும். ரிப்போர்ட்டில் அச்சாகும் 125 என்ற எல்லையும் இதயச் செயலிழப்பை விலக்குவதற்காக வைத்தது; ஸ்கிளிரோடெர்மாவை மனத்தில் வைத்து வகுத்ததன்று.

எண் கூடினாலும் உடனே பயப்பட வேண்டியதில்லை. வயது, சிறுநீரகக் கோளாறு, ஒழுங்கற்ற இதயத் துடிப்பு எல்லாம் அதை ஏற்றும். உடல் பருமன் இறக்கும். ஸ்கிளிரோடெர்மா சிறுநீரகத்தையும் இதயத் தசையையும் நேரடியாகவே தாக்கக்கூடியது என்பதால் குழப்பம் இன்னும் அதிகம்.

இதனால்தான் ஒற்றை எண்ணை யாரும் நம்புவதில்லை. 2014இல் வெளியான டிடெக்ட் ஆய்வில் 466 ஸ்கிளிரோடெர்மா நோயாளிகளுக்கும் வலது இதயக் கதீட்டர் (இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளப்பது) செய்து பார்த்தார்கள். 87 பேருக்கு நுரையீரல் தமனி உயர் அழுத்தம் உறுதியானது. அதிலிருந்து உருவான முறையில் என்டி-ப்ரோபிஎன்பி ஓர் அங்கம் மட்டுமே. யூரிக் அமிலம், ஆன்டி-சென்ட்ரோமியர் ஆன்டிபாடி (இந்த நோயில் ரத்தத்தில் காணப்படும் ஓர் எதிர்ப்பொருள்), தோலில் தெரியும் சிவப்பு ரத்தநாளப் புள்ளிகள், இசிஜியில் வலப்பக்கச் சாய்வு, நுரையீரல் பரிசோதனையில் மூச்சின் கொள்ளளவுக்கும் (எஃப்விசி) காற்றிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறனுக்கும் (டிஎல்சிஓ) உள்ள விகிதம் ஆகியவற்றையும் சேர்த்து மதிப்பெண் போட்டு, அதற்குப் பிறகே எக்கோ. நோய் இருந்தவர்களில் இந்த முறை தவறவிட்டது 4 சதவீதம். அன்றைய வழிகாட்டுதல் 29 சதவீதத்தைத் தவறவிட்டது. யூரிக் அமிலம் போன்ற மலிவான, பழைய சோதனைக்கு இதில் இடம் கிடைத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் அம்மா அலோபியூரினால் எடுத்தால் அது இறங்கியும், நீர் மாத்திரை எடுத்தால் ஏறியும் இருக்கும். மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆஸ்திரேலியக் குழு ஒன்று வகுத்த எளிய முறையும் உண்டு: என்டி-ப்ரோபிஎன்பி ஏறத்தாழ 210ஐத் தாண்டினாலோ, டிஎல்சிஓ 70 சதவீதத்துக்குக் கீழே போய் எஃப்விசி-டிஎல்சிஓ விகிதம் 1.8ஐத் தொட்டாலோ அடுத்த கட்டத்துக்கு அனுப்புவார்கள். கவனியுங்கள், இரண்டில் ஒன்று போதும். உங்கள் கடிதத்தில் டிஎல்சிஓ பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

அதோடு ஹீமோகுளோபினும் பாருங்கள். இந்த நோயில் இரைப்பையின் ரத்தநாளங்கள் கசிந்து சத்தமில்லாமல் ரத்தசோகை வருவதுண்டு. அதுவே மூச்சு வாங்க வைக்கும். டிஎல்சிஓவையும் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

ஜிடிஎஃப்-15, எண்டோகிளின் என்று புதிய ரத்தக் குறியீடுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவை ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கின்றன. உங்கள் அம்மாவின் சிகிச்சையை முடிவு செய்யும் நிலைக்கு வரவில்லை. பணத்தை அதில் போட வேண்டாம்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தச் சோதனைகளைத் திரும்பச் செய்யும்போது முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் செய்யுங்கள். அதே இதயத் தசையிலிருந்து வரும் பிஎன்பி வேறு, என்டி-ப்ரோபிஎன்பி வேறு. ஒன்றின் எண்ணை மற்றதோடு ஒப்பிட்டுவிட்டு "பாதியாகக் குறைந்துவிட்டது" என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதயச் செயலிழப்புக்கான சகுபிட்ரில் கலந்த மாத்திரை எடுப்பவர்களுக்குப் பிஎன்பி கூடியே தெரியும்.

நோயை உறுதி செய்வது கதீட்டர் மட்டும்தான். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20ஐத் தாண்டினாலே கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது 2022இன் ஐரோப்பிய வழிகாட்டுதல். முன்பு அது 25. இதற்கிடையில் அம்மாவுக்குக் கால் வீக்கமோ, நடக்கும்போது கண் இருட்டி மயக்கமோ வந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.