உணவுக் கழிவைத் தனியாகப் பிரித்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள், பிறகு எதற்கு இந்த வேலை?

நீங்கள் ஒழுங்காகப் பிரித்துப் போட்டு, வண்டியில் எல்லாம் கலப்பதைப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோபம் நியாயம்தான். ஆனாலும் பிரிப்பதை விட்டுவிடாதீர்கள்.

எங்கள் குடியிருப்பிலும் இதே பேச்சுதான். ஒருநாள் காலையில் கீழே இறங்கினால், குப்பை எடுக்கும் அம்மா உணவுக் கழிவுத் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். மிச்சச் சாப்பாட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் கவர், ரப்பர் பேண்ட், பழத்தில் ஒட்டிய ஸ்டிக்கர், உடைந்த கண்ணாடி டம்ளர். கையுறை கிழிந்து கட்டைவிரலில் ரத்தம். "கலந்து கொண்டுபோனா உரக்கூடத்துல திருப்பி அனுப்பிடுறாங்கம்மா" என்றார். எங்கள் வீடுகளில் செய்யாத வேலையை அவர் கிழிந்த கையுறையோடு செய்துகொண்டிருந்தார்.

குடியிருப்போர் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "சமையலறை விஷயம், லேடீஸ் பேசி முடிச்சுக்கோங்க" என்றார் ஒருவர். உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தட்டில் மிச்சம் வைப்பது வீட்டில் எல்லோரும், வழித்துக் கொட்டுவது மட்டும் ஒரே ஆளா? அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவரவர் தட்டை அவரவரே வழிக்கிறோம்.

"ஓட்டல்களைப் போய்க் கேளுங்கள்" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022இல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து வந்தது. குப்பை மேட்டில் அடியில் புதைந்தால் அது காற்றில்லாமல் அழுகி மீத்தேனை வெளிவிடும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும் வாயு அது. அதே கழிவை எரிவாயு தயாரிக்கும் காற்றுப் புகாத கலனில் போட்டால் அந்த மீத்தேனையே பிடித்து எரிபொருளாக்கலாம்.

'மக்கும்' என்று அச்சடித்த பையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அதில் பல ரகங்கள், 50 டிகிரிக்கு மேல் சூடேறும் பெரிய உரக்கூடத்தில்தான் மக்கும். வீட்டுத் தொட்டியில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். செய்தித்தாள் விரித்தாலே போதும்.

வண்டியில் கலப்பதைப் பார்த்தால் படம் எடுத்து உள்ளாட்சி அலுவலகத்தில் புகார் கொடுங்கள். ஓட்டுநரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், தடுப்பு வைத்த வண்டியைத் தர வேண்டியது அவர் இல்லை. அதுவரை பொறுக்க முடியாவிட்டால் வீட்டிலேயே உரம் போடலாம். நாறுமே என்பவர்களுக்கு: ஈரம் கூடினால்தான் நாறும். ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகோ கிழித்த அட்டையோ போட்டு, அவ்வப்போது கிளறிவிடுங்கள்.