அதிரடிப்படை ஏன் வெளியே நிற்கிறது?

அன்புள்ள ஐயா,
ஒருவன் குடும்பத்தையே வீட்டுக்குள் அடைத்துவைத்துத் துப்பாக்கி காட்டி மிரட்டுகிறான். அதிரடிப்படை வந்து மணிக்கணக்கில் வெளியே நிற்கிறது. உடனே உள்ளே போகாதவர்களுக்கு இத்தனை ஆயுதமும் பயிற்சியும் எதற்கு?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவன் இன்னும் யாரையும் சுடவில்லை என்றால், நேரம் படையின் பக்கம். நேரம் ஆக ஆகப் பசிக்கும், தூக்கம் வரும், வெறி தணியும். அதுவரை ஒருவர் போனில் அவனோடு பொறுமையாகப் பேசிக்கொண்டே இருப்பார். குழந்தை எந்த அறையில் இருக்கிறது என்றே தெரியாமல் கதவை உடைத்தால், அந்தக் குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து. அதனால் சுற்றி வளைத்து, அக்கம்பக்கத்தாரை அப்புறப்படுத்தி, வீட்டின் அமைப்பை விசாரித்தபடி நிற்கிறார்கள். பெரும்பாலும் வேலையே அதுதான்.

பயிற்சியிலும் கடினமான பாடம் சுடாமல் இருப்பது. அறைக்குள் ஆளுயர அட்டைகள் நிற்கும். ஒன்றின் கையில் துப்பாக்கி, இன்னொன்றின் கையில் செல்போன். முகத்தைப் பார்க்காதே, கையைப் பார் என்பார்கள். சுடுவதென்று முடிவெடுக்கும்வரை விரல் விசைமேல் போகக் கூடாது. முதல் ஆள் இடது மூலைக்குப் போனால் அடுத்தவர் வலது மூலைக்கு. ஒரே வாசலில் சலிக்கச் சலிக்க நுழைவார்கள்: முதலில் நடந்து, அப்புறம் வேகமாக, அப்புறம் இருட்டில். காயம்பட்டவரின் ரத்தப்போக்கை நிறுத்தவும் பழகுவார்கள்.

இதெல்லாம் இல்லாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதை 1972 மியூனிக் ஒலிம்பிக்கில், பாலஸ்தீன ஆயுதக் குழு ஒன்று இஸ்ரேல் அணியினரைப் பிடித்துவைத்தபோது உலகமே பார்த்தது. விமானதளத்தில் குறிபார்த்துச் சுட நிறுத்தப்பட்டவர்கள் 5 பேர், கடத்தல்காரர்கள் 8 பேர். சுடுபவர்களுக்குத் தனிப் பயிற்சி இல்லை, தங்களுக்குள் பேச வாக்கிடாக்கிகூட இல்லை. அங்கே கொண்டுவரப்பட்ட பணயக்கைதிகள் 9 பேரும் இறந்தார்கள். அதே மாதம் மேற்கு ஜெர்மனி ஜிஎஸ்ஜி 9 என்ற அதிரடிப்படையைத் தொடங்கியது. 1977இல் சோமாலியாவின் மொகதிஷுவில், கடத்தப்பட்ட விமானத்துக்குள் ஏறி, மீதமிருந்த 86 பணயக்கைதிகளையும் அந்தப் படை உயிரோடு மீட்டது.

ஆனால் உள்ளே கொலை நடந்துகொண்டிருந்தால் கணக்கே வேறு. 1999இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளிக்கு வந்த போலீஸார் சிறப்புப் படைக்காக வெளியே காத்திருந்தார்கள். அதன்பின்தான், முதலில் வருபவரே உள்ளே போக வேண்டும் என்று அங்கே பயிற்சி மாறியது. அப்படி மாறியும், 2022இல் டெக்சஸின் யுவால்டி பள்ளியில் கொலையாளியை வீழ்த்த 77 நிமிடங்கள் ஆயின. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். பள்ளிக்குள் தாழ்வாரத்தில் நின்ற போலீஸாரிடம் துப்பாக்கியும் இருந்தது, கேடயமும் வந்து சேர்ந்திருந்தது. உங்கள் கோபம் அங்கே முழுக்க நியாயம். எனக்கும் அது இன்னும் ஆறவில்லை.